ஃபிலிம் கேமரா ஏமாற்றுகிறதா? அடுத்த ரோல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பீரோவில் கிடந்த அப்பாவின் யாஷிகாவாக இருக்கலாம், ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒலிம்பஸ் மியூவாக இருக்கலாம். சட்டைப் பையில் அடங்கும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் முதல் ரோலை ஆசை ஆசையாக எடுத்து முடித்து, கழுவக் கொடுத்து, காத்திருந்து, வந்த ஸ்கேன்களைத் திறந்து பார்த்தால் முப்பத்தாறில் எட்டுதான் தேறுகிறது. ரோல் 900 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,400. தேறிய படம் ஒன்றுக்கு 175 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் பலர் கேமராவை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் "இந்தத் தடவை சரியாக வரும்" என்று அடுத்த ரோலை வாங்கி அதையும் இழக்கிறார்கள்.

இரண்டுமே வேண்டாம். கெட்டுப்போன ரோலுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். ஆனால் அது ஏன் கெட்டது என்ற பதில் அந்த ரோலிலேயே இருக்கிறது, அதைப் பார்க்கக் காசு தேவையில்லை. கோளாறு கேமராவிலா, ரோலிலா, லேபிலா, ஸ்கேனிலா, எடுத்த விதத்திலா என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் செலவில் பாதி தானாகக் குறையும். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் படம் எப்படி வந்திருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்துள்ள பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: நெகட்டிவைக் கையில் வாங்குவது

ரோலைக் கொடுக்கும்போதே "நெகட்டிவ் திரும்ப வேணும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்காவிட்டால் சில லேப்களில் கொஞ்ச நாள் வைத்திருந்து தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்கேனை மட்டும் வைத்துக் கோளாறு கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனர் இருட்டைத் தூக்கிக் காட்டும், நிறத்தைத் தானே மாற்றும், காலியாக இருக்கும் இடத்தில்கூட எதையாவது தேடி எடுத்துப் புள்ளி புள்ளியாகக் காட்டும். நெகட்டிவில் அந்தக் குழப்பம் கிடையாது.

மொபைலில் வெள்ளைத் திரை ஒன்றை முழு வெளிச்சத்தில் வையுங்கள். அதற்கு இரண்டு விரற்கடை மேலே நெகட்டிவைப் பிடியுங்கள். திரையோடு ஒட்டிப் பிடித்தால் திரையின் புள்ளிகள் குறுக்கே வரும். ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

படங்களைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்களும் இருக்கும். ஃபாக்டரியில் ரோல் தயாரிக்கும்போதே அந்த எழுத்துகளை வெளிச்சத்தால் பதித்துவிடுகிறார்கள். ஆனால் லேபில் டெவலப்பர் என்ற ரசாயனத்தில் போட்ட பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரியும். அதனால் உங்கள் கேமரா என்ன செய்திருந்தாலும், எழுத்து தெளிவாக, அடர்த்தியாக இருந்தால் லேப் ஒழுங்காகக் கழுவியிருக்கிறது. எழுத்து வெளிறிப்போயிருந்தால் டெவலப்பரிலோ சூட்டிலோ நேரத்திலோ தப்பு. எழுத்தே இல்லையென்றால் கேமராவைத் திட்டுவதில் பலனில்லை, லேபில் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதிக வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும், வெளிச்சமே படாத இடம் தெளிவாகவும் இருக்கும். கலர் ரோலில் அந்தத் தெளிவான இடம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.

ரோல் மொத்தமும் காலி

ஓர எழுத்து இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் ரோல் நகரவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் முப்பத்தாறு தடவை அழுத்தியபோதும் ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கோடாக் கேபி 10 போல கட்டைவிரலால் சுற்றும் கேமரா என்றால் இதைத் தடுப்பது சுலபம். ரோலைப் போட்டு மூடியபின், ரீவைண்ட் குமிழைத் தளர்வு போகும்வரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு முறை ஃபிலிமை முன்னே தள்ளும்போதும் அந்தக் குமிழ் தானே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஃபிலிம் ஓடுகிறது. திரும்பவில்லை என்றால் உடனே திறந்து மறுபடி மாட்டுங்கள், முதல் ஒன்றிரண்டு படத்தோடு நஷ்டம் நிற்கும்.

மோட்டார் வைத்த கேமராவில் இந்தக் குமிழ் கிடையாது. உள்ளே ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். ஃபிலிமின் நாக்கு அந்தக் குறிவரை மட்டும் வர வேண்டும். தாண்டி நீண்டால் சுருளும், குறைந்தால் பிடிக்காது. டப்பாவுக்கும் குறிக்கும் நடுவே ஃபிலிம் மேடு கட்டாமல் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். மோட்டார் ஓடி நின்றதும் எண் 1 என்று காட்ட வேண்டும். எண் வராமல் "ஈ" என்ற ஆங்கில எழுத்தோ மின்னும் பூஜ்யமோ வந்தால் ஃபிலிம் மாட்டவில்லை. மூடியை மூடியபின் எண்ணைப் பார்ப்பது இரண்டு நொடி வேலை. ஒரு ரோலின் விலையைக் காப்பாற்றுகிற வேலையும் அதுதான்.

ஃபிலிம் நன்றாக ஓடியும் காலி என்றால், வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் திறக்கவில்லை. ரோல் இல்லாமல் பின்மூடியைத் திறந்து வைத்து, ஃப்ளாஷை அணைத்து, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி அழுத்துங்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கணம் வெளிச்சம் தெரிய வேண்டும். மிக வேகமாக இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது முன்பக்கம் உள்ள ஒளி உணரும் சின்னக் கண்ணை விரலால் மூடிக்கொண்டு அழுத்துங்கள், ஷட்டர் நிதானமாகத் திறந்து மூடும். இதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்தக் கேமராவுக்கு ரோல் வாங்காதீர்கள்.

இதற்கு நேர் எதிராக ரோல் முழுக்கக் கறுப்பாக இருந்தால் எங்கேயோ வெளிச்சம் பட்டுவிட்டது. மூடி திறந்திருக்கலாம். விமான நிலையத்தில் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் வழியாகப் போன ரோலில் மங்கலான புகையோ அலை அலையான பட்டையோ தெரியும். பயணத்தில் ரோலைக் கைப்பையில் வைத்து, கையால் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

படம் சேறு மாதிரி, பொரிப்பொரியாக, நிழலெல்லாம் பச்சை

அதிகம் பேர் மனம் உடைவது இங்கேதான். நெகட்டிவைத் தூக்கிப் பாருங்கள். ஓர எழுத்து நன்றாக இருந்து, படம் மட்டும் மெலிந்து, ஏறக்குறையக் கண்ணாடி போலத் தெரிந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை. ஸ்கேனர் இல்லாததை இழுத்து எடுக்கப் பார்த்ததால் வந்தவைதான் அந்தப் பொரியும் பச்சையும்.

மொபைலில் பழகிய கண் இதை நம்ப மறுக்கும். வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட் போட்டால் நமக்குப் போதுமான வெளிச்சம்தான். ஆனால் 2022இல் வந்த கோடாக் எக்டார் எச்35ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லென்ஸ் எஃப் 9.5 (இந்த எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிது), ஷட்டர் 1/100 நொடி. இரண்டையும் மாற்ற முடியாது. ஐஎஸ்ஓ (ரோல் வெளிச்சத்தை உணரும் வேகத்தைச் சொல்லும் எண்) 400 ரோல் போட்டாலும் அந்தக் கேமரா கேட்கும் வெளிச்சத்தில் முப்பதில் ஒரு பங்குகூட ட்யூப்லைட் கூடத்தில் இருக்காது. வெயிலுக்கும் ஃப்ளாஷுக்கும் என்றே செய்த கேமரா அது. அதை வைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கு மேல் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் ஒவ்வொரு அழுத்தலும் வீண். பழைய பிளாஸ்டிக் கேமராக்கள் அத்தனைக்கும் இதே விதிதான்.

ஜூம் வைத்த காம்பாக்ட் கேமராவில் வேறு சிக்கல். ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் துளை சுருங்கும். 38 மி.மீ.இல் எஃப் 4 ஆக இருப்பது 140 மி.மீ.க்குப் போகும்போது எஃப் 11 ஆகிவிடும் மாடல்கள் உண்டு. உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. என் யோசனை, ஜூமைத் தொடாதீர்கள். இரண்டடி நடந்து கிட்டே போங்கள். செகண்ட் ஹேண்டில் ஜூம் மாடல்கள் மலிவாகக் கிடைப்பதற்கும், 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ 2 போல ஜூம் இல்லாத எஃப் 2.8 லென்ஸ் வைத்தவை எங்கோ போய் நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஃப்ளாஷ் அடித்தும் இருட்டு என்றால் தூரம்தான் காரணம். இந்தக் கேமராக்களின் ஃப்ளாஷ் ஐஎஸ்ஓ 100 ரோலில் மூன்று நான்கு மீட்டர் போகும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகும். 400 ரோலில் ஆறு முதல் எட்டு மீட்டர். கல்யாண மண்டபத்தில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மணமேடையை எடுத்தால், முன்வரிசையில் இருப்பவரின் தலை வெள்ளையாகவும் மேடை இருட்டாகவும்தான் வரும். நெகட்டிவில் அந்தத் தலை மட்டும் மை கொட்டியது போல இருக்கும். எழுந்து கிட்டே போய் எடுங்கள், அல்லது எடுக்காதீர்கள்.

ஒளி உணரும் கண்ணை விரல் மறைத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து அதிக வெளிச்சம் விடும். அது நெகட்டிவை அடர்த்தியாக்கும். நெகட்டிவ் ரோலில் அது பெரிய கேடில்லை. வெளிச்சம் கூடினால் சமாளிக்கலாம், குறைந்தால்தான் சமாளிக்க முடியாது. இதை மனதில் வைத்து, காம்பாக்ட் கேமராவுக்கு எப்போதும் 400 ரோலே போடுங்கள் என்பேன். 200க்கும் 400க்கும் உள்ள விலை வித்தியாசம், வீணாகும் நான்கைந்து படத்தில் ஈடாகிவிடும்.

காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு) அதிக வெளிச்சம் என்று ஒரு வழக்கமான கணக்கு இருக்கிறது. ஆனால் ஐஎஸ்ஓவை நாமே மாற்ற முடியாத கேமராவில் அந்தக் கூடுதல் வெளிச்சத்தை எப்படிக் கொடுப்பீர்கள்? அதுவும் நம் ஊர்ச் சூட்டில் கடை அலமாரியில் இருபது வருடம் கிடந்த ரோல். கழுவும் செலவு புது ரோலுக்கு ஆவதுதான் இதற்கும் ஆகும். வேண்டாம்.

படம் மங்கல்

மங்கல் மூன்று வகை. பூதக்கண்ணாடியில் பிரித்துவிடலாம்.

விளக்கு, வெள்ளைப் புள்ளி எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. வெளிச்சம் குறைந்தபோது ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்திருப்பீர்கள், கேமரா ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி திறந்து வைத்திருக்கும். மியூ 2 நான்கு நொடிவரை போகும். தூணில், மேசையில், சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள்.

பின்னால் இருக்கும் கோபுரம் கூர்மை, முன்னால் நிற்கும் ஆட்கள் மங்கல் என்றால் ஃபோக்கஸ் தப்பிவிட்டது. ஆட்டோஃபோக்கஸ் கேமரா நட்டநடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும்தான் அளக்கிறது. இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் அந்த இடம் சரியாக அவர்களுக்கு நடுவே உள்ள சந்தில் விழும். முதலில் ஒருவர் முகத்தை நடுவில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்படியே கேமராவை நகர்த்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள். பஸ், ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தவை எல்லாம் மங்கலா? பல கேமராக்கள் அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரம் அளக்கின்றன. அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும். மலைப் படம் போட்ட பட்டன் இருந்தால் அதை அழுத்திவிட்டு எடுங்கள்.

கிட்டே போய் எடுத்த பூவும் காபி டம்ளரும் மட்டும் மங்கல் என்றால் கேமராவின் குறைந்தபட்சத் தூரத்துக்குள் போயிருக்கிறீர்கள். மியூ 2 என்றால் 35 செ.மீ. வரை போகலாம். 1983இல் வந்த நிக்கான் எல்35ஏஎஃப் என்றால் 80 செ.மீ. ஃபோக்கஸே மாறாத கேபி 10, யாஷிகா எம்எஃப் 2 வகைகளில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பது நல்லது.

எல்லாப் படமும், நல்ல வெயிலில் எடுத்ததும்கூட, பால் ஊற்றியது போல வெளிறியிருந்தால் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். ரோல் இல்லாதபோது பின்னால் திறந்து, மேலே சொன்னபடி ஷட்டரை நிதானமாகத் திறக்க வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த கேமராவுக்கு இது சாதாரணமாக வரும். முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் என்றால் துடைக்கலாம். உள்ளே என்றால் இந்த வகைக் கேமராவைப் பிரித்துத் துடைக்கும் கூலி கேமரா விலையைத் தாண்டிவிடும். இனிமேலாவது உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஆரஞ்சுக் கோடு, சிவப்புத் தீற்றல்

இதை அழகு என்று ரசிப்பவர்கள் உண்டு. பிடிக்காதவர்களுக்கு வழி இருக்கிறது, அதுவும் மலிவான வழி.

நெகட்டிவில் கறுப்புக் கறை படத்தின் கட்டத்தைத் தாண்டித் துளைகள்வரை பரவியிருக்கிறதா? அப்படியானால் வெளிச்சம் பின்மூடி வழியாக நுழைகிறது. கறை கட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் லென்ஸ், ஷட்டர் பக்கம். பின்மூடி வழியாக வந்தால் ஆரஞ்சு, சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், கலர் ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும்.

பின்மூடியின் கீல் பக்கத்தையும், ரோல் பெயரைப் பார்க்க வைத்திருக்கும் சின்ன ஜன்னலைச் சுற்றியும் பாருங்கள். அங்கே கறுப்பு ஸ்பாஞ்ச் இருந்திருக்கும். வருடக்கணக்கில் அது உதிர்ந்து, தார் போலப் பிசுபிசுத்துக் கிடக்கும், விரல் வைத்தால் ஒட்டும். பல்குத்தும் குச்சியின் முனையைத் தட்டையாக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். கேமராவைத் தலைகுப்புறப் பிடித்துச் செய்யுங்கள், துகள் ஷட்டர் மேல் விழக் கூடாது. பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலை அழுத்தி வைத்தால் போதும். கீல் பக்கத்துக்கு மெல்லிய கறுப்பு ஃபோம் ஷீட்டில் ஒரு துண்டு. சரியாக எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், அடுத்த ரோலைப் போட்டு மூடியபின் எல்லா இணைப்பின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். ஜன்னலையும் சேர்த்து. பத்துப் படத்துக்கு ஒரு டேப் என்று எடுத்துக்கொண்டே வந்தால், எந்த டேப்பை எடுத்தபின் கறை வந்ததோ அங்கேதான் ஓட்டை.

அழுத்தினால் சத்தமே இல்லை, பாதியிலேயே ரீவைண்ட், படத்தின் மேல் படம்

முதலில் பேட்டரி. ஃபிலிமை இழுக்கத் தெம்பில்லாத பேட்டரி, ரோல் முடிந்துவிட்டது என்று கேமராவை ஏமாற்றிப் பாதியில் சுற்ற வைக்கும், அல்லது அரைக் கட்டம் மட்டும் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று விழ வைக்கும். புது பேட்டரி போட்டுப் பார்க்காமல் வேறு எதையும் சந்தேகப்படாதீர்கள்.

மியூ 2க்கு சிஆர்123ஏ, 3 வோல்ட். பென்டாக்ஸ் எஸ்பியோ வரிசையில் சிலவற்றுக்கு சிஆர்2. இவை பென்சில் செல்லைவிட விலை அதிகம். பணம் மிச்சம் பண்ண அதே வடிவ ரீசார்ஜ் பேட்டரி வாங்க நினைப்பீர்கள். கவனம், அவற்றில் பல முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குச் செய்த கேமராவின் மூளை கருகிவிடலாம். அந்தச் செலவைச் செய்துவிடுவதே மேல். உண்மையில் பேட்டரியைத் தின்பது ஃப்ளாஷ். மியூ 2இல் மூடியை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டோ ஃப்ளாஷுக்குத் திரும்பிவிடும் என்பதால், திறந்ததும் ஃப்ளாஷ் பட்டனை அழுத்தி அணைப்பதை விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

பென்சில் செல் போடும் கேமராவில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. பட்ஸில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, பளபளப்பு வரும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பல கேமராக்கள் இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெற்றுவிடும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஃப்ளாஷ் முதல் சில முறை மெதுவாகத்தான் ஏறும். நாலைந்து தடவை அடித்தபின் தேறலாம்.

இதற்கு மேல் போகாதீர்கள். ஸ்குரூவைக் கழற்றி உள்ளே கை வைக்கவே வைக்காதீர்கள். ஃப்ளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும், பேட்டரியைக் கழற்றியபின்னும் நிற்கும். தொட்டால் கடுமையாக ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நெகட்டிவ் நன்றாக இருக்கிறது, ஸ்கேன் மட்டும் மோசம்

அப்படியானால் சந்தோஷப்படுங்கள். கேமரா பிழைத்தது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், அது அமுக்கிச் சுருக்கிய படம். டிரைவ் லிங்க் கேளுங்கள். நீளப் பக்கம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 1,500 பக்கம் இருந்தால் மொபைல் திரைக்குச் சரி, ஏ4 பிரிண்டுக்குப் போதாது. எல்லாப் படத்தையும் பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் காசு கொடுப்பதைவிட, சின்ன ஸ்கேனில் பார்த்துத் தேறிய நாலைந்தை மட்டும் மறுபடி பெரிதாக எடுக்கச் சொல்வதுதான் சிக்கனம்.

நிறம் பற்றி ஒன்று. கடையில் கிடைக்கும் கலர் ரோல் ஏறக்குறைய எல்லாமே பகல் வெளிச்சத்துக்குச் செய்தவை. ட்யூப்லைட்டில் பச்சை, குண்டு பல்பிலும் அகல் விளக்கிலும் ஆரஞ்சு வரத்தான் செய்யும். மொபைல் அதைத் தானே திருத்திவிடுவதால் நமக்கு அது கோளாறாகத் தெரிகிறது.

எல்லாம் சரி, காசுதான் கட்டுப்படியாகவில்லை

இதை யாரும் லேசாகச் சொல்லிவிடக் கூடாது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அது இப்போது இல்லை. இன்று நாம் வாங்கும் ரோல் இறக்குமதியானது. கலர் ரோல்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் கோடாக் ஆலையிலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் ரோலும் ஏறும். நாம் என்ன பழக்கத்தை மாற்றினாலும் அந்த அடிப்படை விலை குறையாது.

குறைக்கக்கூடியது தேறிய படம் ஒன்றுக்கு ஆகும் செலவு. 1,400 ரூபாயில் எட்டு தேறினால் 175. இருபத்தைந்து தேறினால் 56. மேலே சொன்ன எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான். வேறு எந்தச் சிக்கனமும் இவ்வளவு பெரிய தொகையை மிச்சம் பிடிக்காது.

அடுத்தது, ஒரு கட்டத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும் அரைக்கட்டக் கேமரா. எக்டார் எச்35, 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இரண்டும் ஒரு ரோலில் 72 படம் எடுக்கும். கழுவும் கூலி அதேதான். ஆனால் ஸ்கேனுக்கு இரட்டிப்பாகக் கேட்கும் லேப்கள் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கட்டத்தை ஒரே படமாகச் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொன்னால் பல இடங்களில் பழைய கூலிக்கே செய்துகொடுப்பார்கள், நடுவில் நாம் வெட்டிக்கொள்ளலாம்.

சினிமா ஃபிலிமைச் சின்ன டப்பாவில் சுற்றி விற்கும் ரோல்கள் மலிவு. கோடாக் விஷன்3 அப்படி நிறையக் கிடைக்கிறது. ரெம்ஜெட் என்ற கரி அடுக்கு முதுகில் இருக்கும் ரோலைச் சாதாரண கலர் ரோல் கழுவும் சி-41 லேபில் கொடுத்தால் அந்தக் கரி கரைந்து மெஷினையும் அடுத்தவர் ரோலையும் கெடுக்கும். சினிமா ஃபிலிமுக்கான இசிஎன்-2 முறையில் கழுவும் இடம் என்று உறுதி செய்துவிட்டு வாங்குங்கள், கொடுக்கும்போதும் இது சினிமா ரோல் என்று சொல்லுங்கள்.

இந்த மாதிரி சுற்றிய ரோல்களில் காம்பாக்ட் கேமராவுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ரோல் டப்பாவின் மேல் வெள்ளியும் கறுப்புமாகச் சதுரங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1983இல் கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் கோடு. கேமராவுக்குள் உள்ள சின்ன ஊசிகள் அதைத் தொட்டு ஐஎஸ்ஓவைத் தெரிந்துகொள்கின்றன. கோடு இல்லாத டப்பாவைப் போட்டால் மியூ 2 உட்படப் பல கேமராக்கள் ஐஎஸ்ஓ 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 ஃபிலிமுக்கு நான்கு மடங்கு வெளிச்சம் போகும். நெகட்டிவ் அதைத் தாங்கும், ஆனால் ஷட்டர் மெதுவாகிக் கை ஆட்டம் வரும், தேவையில்லாமல் ஃப்ளாஷ் அடிக்கும். டிஎக்ஸ் ஸ்டிக்கர் கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ளுங்கள். 100 அடிச் சுருள் வாங்கி வீட்டிலேயே பதினெட்டு ரோல் சுற்றிக்கொள்பவர்களுக்கும் இதே விஷயம்.

உண்மையிலேயே செலவைப் பாதியாக்கும் வழி, கறுப்பு வெள்ளை எடுத்து வீட்டில் கழுவுவது. கென்ட்மியர் 400 போன்ற ரோல், ஒரு டேங்க், டெவலப்பர், ஃபிக்ஸர். ரோடினால் என்ற டெவலப்பரை 1:50 கலவையில் பயன்படுத்தினால் ஒரு ரோலுக்குச் சில மில்லிதான் செலவாகும், பாட்டில் வருடக்கணக்கில் கெடாது. நம் ஊரில் கஷ்டம் தண்ணீரின் சூடு. கையேட்டில் 20 டிகிரி என்று இருக்கும், மே மாதம் சென்னைக் குழாயில் 30க்கு மேல் வரும். ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கலந்து 24க்குக் கொண்டுவந்தாலே போதும். 20இல் பத்து நிமிடம் என்று போட்டிருப்பது 24இல் சுமார் ஏழு நிமிடம் ஆகும். டெவலப்பர் மட்டும் குளிர்ந்து, அலசும் தண்ணீர் சுடச்சுட இருந்தால் ஃபிலிமின் மேல்தோல் சுருங்கி வெடிக்கும். எல்லாத் தண்ணீரையும் ஒரே வாளியில் முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியும் பொருந்தவில்லை, அல்லது பொருந்தியும் தீரவில்லை

மோட்டார் கேமராக்களுக்கு ஒரு வரம்பு உண்டு. உள்ளே உள்ள மெல்லிய சர்க்யூட் பட்டை போனால் மாற்ற உதிரிப் பாகம் இல்லை, இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். புது பேட்டரி, சுத்தமான முனை, புது நூல் மூன்றும் கொடுத்தும் அதே கோளாறு திரும்பினால் அதற்குமேல் ஒரு ரோல்கூடச் செலவழிக்காதீர்கள். ஃபிலிம் பிடித்திருந்தால் 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 போன்ற ஒன்றைத் தேடுங்கள். பேட்டரியே கிடையாது, ஐஎஸ்ஓவை நீங்களே திருப்பி வைக்கலாம், வெளிச்சம் போதாவிட்டால் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரை அழுத்தவே விடாது. காம்பாக்ட் கேமராவில் வீணாகும் படங்களில் பெரும்பகுதியை அந்தக் கொடி ஒன்றே தடுத்துவிடும். வாங்கும் முன் லென்ஸை வெயிலில் காட்டி அழுத்துங்கள், கொடி வரக் கூடாது. உள்ளங்கையால் லென்ஸை மூடி அழுத்துங்கள், கொடி வர வேண்டும். இரண்டும் நடந்தால் ஒளி அளக்கும் மீட்டர் உயிரோடு இருக்கிறது.

பழைய கேமராவை விற்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கோளாறைச் சொல்லி, கடைசி ரோலின் நெகட்டிவ் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் அதைப் பார்த்து விலை பேசட்டும். நீங்கள் வாங்கும்போதும் விற்பவரிடம் அதையே கேளுங்கள்.